நடுச்சாமத்து பல்ப்

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில், எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கீழே 10 பேர்ச் காணியைக் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் கரட்டும் போட்டுவந்தோம். 2021இல் அரசு ரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு லீக்ஸ் விரல் தடிப்புக்கு மேல் பருக்கவில்லை. கடன் வாங்கி அதே இடத்தில் பொலித்தீன் கூடாரம் அடித்துச் செவ்வந்தி வைத்தேன். பூச்செய்கையில் இறங்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக என் முதல் இரண்டு நடவையும் எழுதுகிறேன்.

செவ்வந்தி, இரவு நீண்டால் மொட்டு வைக்கும் செடி. நம் இலங்கையில் வருஷம் முழுக்க இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம். கன்றை நட்டு அப்படியே விட்டால் வளருமுன்பே மொட்டு வந்துவிடும். தண்டு இரண்டடியாவது இருந்தால்தான் பூக்கடையில் எடுப்பார்கள். அதனால் முதல் நாலைந்து வாரம் இரவில் பல்ப் எரிய வேண்டும். பிறகு அணைத்துவிட்டால் எட்டு ஒன்பது வாரத்தில் பூ.

மே மாத வெசாக் பண்டிகையைக் கணக்குப் பண்ணி 2022 பெப்ரவரியில் நட்டேன். மாலை ஆறிலிருந்து பத்து வரை பல்ப். மாதக் கடைசியில் மின்வெட்டு தொடங்கியது. மார்ச் தொடக்கத்தில் நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதக் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் வரை போனது; எங்கள் பக்கம் பல நாள் பொழுது சாய்ந்த பிறகுதான் கரண்ட் போகும். சமையலையும் பிள்ளையின் படிப்பையும் நினைத்தேனே தவிர, செடியை நினைக்கவில்லை. மார்ச் முடியும்போது ஒருநாள் காலையில் பாத்தியில் குனிந்து நுனி இலையை விலக்கினேன். மிளகு அளவில் பச்சை மொட்டு. அடுத்த செடியிலும், அதற்கடுத்ததிலும். எதுவுமே முழங்கால் உயரம்கூட வரவில்லை.

வெசாக்குக்கு மூன்று வாரம் முந்தியே எல்லாம் பூத்துவிட்டது. கொத்தாக விற்க முடியாமல் காம்பில்லாமல் கிள்ளி, நுவரெலியாவில் மாலை கட்டும் அக்காவிடம் நிறுத்துக் கொடுத்தோம். கடனில் ஒரு தவணைக்குத்தான் தேறியது. அன்றைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை.

பண்டாரவளைப் பக்கம் பூத்தோட்டத்தில் வேலை செய்த மாமா வந்தபோது கேட்டார்: “ஏன் புள்ள, ஆறு மணிக்கா லைட்டு போடுற? நடுச்சாமத்துல போடு. ராத்திரிய ரெண்டா வெட்டிட்டா போதும், செடிக்கு அது நீள ராத்திரி இல்ல.”

இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஜூன் கடைசியில் திரும்ப நட்டேன். எங்களுக்கு நடுச்சாமத்தில் கரண்ட் இருந்தது. பதினொன்றுக்குப் போட்டு, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அணைப்பேன். ஐந்து வாரம் அப்படித்தான். மழைக்காலம் என்பதால் வெள்ளைத் துரு வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் வெளிறிய சிறு கொப்புளங்கள். அந்த இலைகளைப் பறித்து எரித்தோம், தண்ணீரை மேலே தெளிக்காமல் வேரில் விட்டோம்.

மொட்டு வந்ததும், கொத்து ஒன்றாக மலர நடு மொட்டை மட்டும் கிள்ள வேண்டும். அம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். பக்கத்து மொட்டில் நகம் படாமல் இரண்டு பாத்தியை ஒரே காலையில் முடித்துவிட்டார்.

நவராத்திரிக்குச் சரியாகப் பூத்தது. பத்துத் தண்டு ஒரு கொத்து, பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுபோனோம். ஏப்ரலில் திருப்பி அனுப்பிய அதே கடைக்காரர் ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தார். மற்றதை எண்ணாமலே தண்ணீர் வாளிக்குள் இறக்கினார்.