நாலாவது வாரம்

2018இல் நான் பெங்களூரு பீன்யாவில் ஷிப்ட் சூப்பர்வைசர். வண்டிகளுக்கான புஷ் என்கிற சின்ன உலோக வளையங்களைக் கடைந்து, எண்ணெய் போகக் கழுவி அனுப்புகிற கம்பெனி. கழுவுகிற இடத்தில் ஆள் குறைந்தபோது, கடைந்த விளிம்பில் நிற்கும் பிசிறை, அதாவது பர்ரை, எடுக்கும் பெஞ்சில் இரண்டு வருடமாக இருந்த அரூர்ப் பையனை அங்கே மாற்றியவன் நான்தான். மெஷின் சத்தம் கிடையாது, சுலபமான வேலை என்று சொன்னேன். "சரிங்கண்ணா" என்று போனான்.

கழுவுவது தண்ணீரில் இல்லை. நெஞ்சுயரத் தொட்டி, அடியில் டிரைகுளோரோஎதிலீன் என்கிற, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் ரசாயனத் திரவம். அது 87 டிகிரியில் கொதிக்கும். ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம் என்பதால் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். விளிம்புக்குக் கீழே சுற்றியிருக்கும் குளிர்நீர்க் குழாயில் பட்டுத் திரும்பவும் திரவமாக வழியும். பிசுக்கோடு கூடையை இறக்கினால் கொஞ்ச நேரத்தில் புஷ் பளிச்சென்று, ஈரமில்லாமல் வெளியே வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கூடையை மெதுவாகத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஆவியும் கூடவே ஏறி முகத்தில் அடிக்கும். டார்கெட்டை வைத்துக்கொண்டு யார் மெதுவாகத் தூக்குவார்கள்? தித்திப்பாக ஒரு வாடை வரும். பழகியவர்களுக்கு அதுவும் தெரியாது. அந்த செக்ஷன் ஆட்கள் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போட்டால் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதைச் சொல்லிச் சிரிப்போம். அதுவும் இந்த ரசாயனத்தின் வேலைதான் என்று பிற்பாடு படித்தேன்.

மூன்று வாரம் அவனுக்கு ஒன்றுமே இல்லை. நாலாவது வாரம் காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் வைரல் ஃபீவர் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் மார்பிலும் முதுகிலும் வேர்க்குரு மாதிரி சிவப்பு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு மாத்திரை. அந்த வார இறுதியில் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. முழங்கையிலிருந்து தோல் அப்பளம் மாதிரி உரிந்து பாயில் கிடந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் அம்மா ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: "ரெண்டு மாசத்துல புதுசா என்ன மாத்திரை சாப்பிட்ட? வலிப்புக்கு, மூட்டு வலிக்கு, எதுக்காவது?" அவன் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்ற நான்தான், "காய்ச்சலுக்கு முன்னாடி மாத்திரை ஒண்ணும் இல்லைங்க. வேலைதான் புதுசு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஸ்டோரில் அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தாள் இருந்தது. பதினாறு பிரிவு, அத்தனையும் இங்கிலீஷ், ஆடிட்டுக்காகப் போட்ட பிளாஸ்டிக் உறையில் இருந்து ஒருநாளும் வெளியே வராதது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அன்றைக்கே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். ஈரல் கணக்குகள் இறங்க ஒன்றரை மாதம் ஆயிற்று.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மாத்திரை ஒவ்வாமை மாதிரியே இந்த ரசாயனத்தால் வருகிற இந்த நோய் தெற்குச் சீனத் தொழிற்சாலைகளில் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் கூட. வேலையில் சேர்ந்து பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். எச்.எல்.ஏ-பி 13:01 என்கிற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் சிலருக்கு இப்படியே பொங்கி வருவதற்கும் இதே மரபணுதான் சம்பந்தம். அதனால்தான் பத்து வருடம் அதே தொட்டியில் நின்றவர், "எனக்கு ஒண்ணும் ஆகலையே, பையன் உடம்பு வீக்" என்று சொல்ல முடிகிறது. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து அடுத்தவனை அந்தத் தொட்டியில் நிற்கவைக்கக்கூடாது. அதோடு அவருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் கிடையாது. இதே ரசாயனத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

நாங்கள் கொடுத்திருந்த நீல நைட்ரைல் ரப்பர் கையுறையைப் பற்றியும் படித்தேன். இந்தத் திரவம் சில நிமிஷத்தில் அதற்குள் ஊடுருவிவிடுமாம். பையனுடைய கையுறை விரல்கள் ஊறிய பயறு மாதிரி உப்பியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். புது ஜோடி எடுத்துக்கோ என்று மட்டும் சொன்னேன்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, விஷயம் தனிக் கூத்து. வேலையால் வந்த நோய் என்றால் கூலியில் 90 சதவீதம், சாதாரணச் சுகவீனம் என்றால் 70. அன்றைக்கு இருந்த சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்த வகை ரசாயனம் பெயரோடு இருந்தது. ஆனால் அது பி பகுதியில். பி பகுதி என்றால் அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதம் நிற்கிறவனுக்கு இது பெரும்பாலும் வருவதே இல்லை. வருகிறவன் பெரும்பாலும் அந்த வேலையில் ஆறாவது வாரத்தைக்கூடத் தாண்டமாட்டான். ஆபீஸில் சாதாரணச் சுகவீனம் என்று எழுதி முடித்தார்கள். கேட்டில் தொங்கிய 'விபத்தில்லா நாட்கள்' போர்டில் எண் தினமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது பேக்கிங்கில் போட வைத்தேன். பெரிய சண்டை போட்டு வாங்கிய இடம். ஆனால் ஒரே ஷெட். தொட்டிக்கும் பேக்கிங் மேசைக்கும் நாற்பது அடிகூட இல்லை. இரண்டாம் நாளே கழுத்தில் அரிப்பு. மூன்றாம் நாள் நானே மெஜஸ்டிக்கில் பஸ் ஏற்றிவிட்டேன்.

போன தீபாவளிக்கு முன்னால் போன் செய்தான். "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்கண்ணா. தின்னர்ல அது இருக்குமா?" டின்னைத் திருப்பி, பொடி எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பச் சொன்னேன். டொலுயீன், சைலீன் என்று இருந்தது. அது இல்லை. ஆனாலும் வாடை போகிறவரைக்கும் திண்ணையில் படுத்துக்கொள் என்றேன்.