நூறு ஷீட், ஒரு வேன்

ஜூன் 4, நாக்பூர்

ஹிமாச்சல் மலைக்குப் படமெடுக்கப் போகிற வழி. மத்தியானம் வேனுக்குள் தெர்மாமீட்டர் 46 காட்டியது. 25 ஷீட் வீதம் நாலு பெட்டி, எல்லாம் 4x5 அங்குல எஃப்பி4, ஷீட்டுக்கு ஒரு படம் எடுக்கும் கறுப்பு வெள்ளை பிலிம். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு ஜிப் கவரில் போட்டு, டவல் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வெளியே எடுத்ததும் கவரைப் பிரித்தால் பிலிம் வேர்த்துவிடும். இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

ராத்திரி லாட்ஜில் ஹோல்டர்களை நிரப்பினேன்; பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷீட் பிடிக்கும் தட்டைச் சட்டம் அது, கேமராவின் பின்னால் செருகுவது. வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கை நுழைத்த ஐந்தாவது நிமிஷமே விரலெல்லாம் வியர்வை. ஷீட்டின் ஓரத்தில் உள்ள சின்ன வெட்டு வலது மேல் மூலையில் தட்டுப்பட்டால் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஈர விரலுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. ஆறு ஹோல்டர், பன்னிரண்டு ஷீட், முக்கால் மணி நேரம்.

ஜூன் 11, நாக்கோ

காலையில் ஏரியைச் சுற்றியுள்ள மரங்களை எடுத்தேன். சாயங்காலம் மறுபடி அதே கரை. லைட் மீட்டர் 10 விநாடி சொன்னது. நீண்ட எக்ஸ்போஷரில் இந்த பிலிம் சோம்பிப் போகும், அதனால் 18 விநாடி கொடுத்தேன். காற்றில் கேமராவின் துருத்தியான பெல்லோஸ் படபடத்தது. கூட வந்திருக்கும் இவர் குடையை விரித்து மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

ராத்திரி நோட்டில் எழுதும்போது நெஞ்சு திக்கென்றது. ஐந்தாம் ஹோல்டர், பி பக்கம்: காலையிலும் அதே எண், சாயங்காலமும் அதே எண். ஷீட்டை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே இருந்தால் புது ஷீட், கறுப்பு இருந்தால் எடுத்து முடிந்தது. காலையில் அவசரத்தில் வெள்ளையை வெளியே வைத்துச் செருகியிருக்கிறேன். ஒரே ஷீட்டில் இரண்டு முறை பதிந்து இரண்டு படமும் போச்சு. அந்தக் காலை வெளிச்சத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இனிமேல் எடுத்து முடித்த கையோடு ஹோல்டரில் ரப்பர் பேண்டு. நோட்டில் எழுதாமல் ட்ரைபாடை மடக்குவதில்லை.

ஜூன் 13, தாபோ

996இல் எழுந்த மடம். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, கேமரா வேனிலேயே இருந்தது. இருட்டில் கண் பழகப் பழக மண் சுவரிலிருந்து ஓவியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15, காசா

எடுத்து முடித்ததை வீட்டுக்கு கூரியர் பண்ணிவிடலாமே என்றார் இவர். விமானத்தில் போனால் எக்ஸ்ரேயில் மாட்டிக் கெடலாம். கழுவாத பிலிமை அப்படி அனுப்ப எனக்கு மனம் வராது. நாலு ஷீட்டை மட்டும் இங்கேயே கழுவிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் விரலை மரக்க வைத்தது. விடுதி அக்காவிடம் வெந்நீர் வாங்கிக் கலந்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு நெகட்டிவில் வானத்தின் குறுக்கே, வேர் பிரிந்த மாதிரி கறுப்புக் கீற்றுகள். ஸ்டாட்டிக், உரசலில் வரும் மின்சாரம். 3,800 மீட்டர் உயரத்தில் காற்றில் ஈரமே இல்லை. ஷீட்டை வெடுக்கென்று இழுத்ததில் பையின் இருட்டுக்குள் பொறி பறந்திருக்கிறது.

இன்னொன்றில் நிழலெல்லாம் வெறும் கண்ணாடி, எதுவும் பதியவில்லை. ஆரஞ்சு ஃபில்டர் போட்டது என் தப்பு. இந்த உயரத்தில் நிழலுக்குக் கிடைப்பதே வானத்தின் நீல வெளிச்சம்தான், அதையும் ஃபில்டர் தடுத்துவிட்டது. இனி இளமஞ்சள் போதும், வானம் தானாகவே கறுக்கும்.

ஜூன் 17, காசா

அறையில் இரண்டு ஈரத் துண்டு தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஹோல்டர் நிரப்பினேன். ஷீட்டை மெல்ல, மூச்சு விடுகிற வேகத்தில் நகர்த்தினேன். கூடவே ஒரு ஷீட்டை வெளிச்சம் படாமல் ஹோல்டரில் ஏற்றி இறக்கி, அப்படியே கழுவினேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் ஒரு கீற்றுகூட இல்லை! சுத்தம். நூறில் ஒன்று இதற்குச் செலவு, வருத்தமில்லை.

மீதி 61. நாளை விடியும் முன் குன்சும் கணவாய். ஆறு ஹோல்டரிலும் வெள்ளை விளிம்பு வெளியே தெரிகிறது. இப்போதுதான் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.