கில்ட் அணிந்து வந்தவர்கள்

2024 ஜூனில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துக்காக ஜெர்மனியின் மியூனிக், கொலோன், ஸ்டுட்கார்ட் நகரங்களுக்கு வந்த ஸ்காட்லாந்து ரசிகர்களில் ஏராளமானோர் கில்ட் என்னும், ஆண்கள் இடுப்பில் அணியும் மடிப்புவைத்த பாவாடை போன்ற மரபு உடையை அணிந்தே வந்தார்கள். கொலோன் பேராலயத்தின் முன்னால் முன்பின் தெரியாதவர்கள் அவர்களிடம் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபடியே இருந்தார்கள். முதிய பெண்மணி ஒருவர் அனுமதி பெற்று மடிப்புகளைத் தொட்டுப் பார்த்தபோது, அணிந்திருந்தவர் திரும்பி நின்று, பின்புறம் நெருக்கமாகத் தைக்கப்பட்ட அம்மடிப்புகளால் ஒரு கில்ட்டுக்கே ஏறத்தாழ எட்டு கெஜம் கம்பளித் துணி பிடிக்கும் என்பதையும், சட்டைப்பை போன்ற வசதி இல்லாததால்தான் முன்னால் ஸ்போரன் என்னும் தோல்பை தொங்குகிறது என்பதையும் பெருமை பொங்க விளக்கினார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் உள்ளே என்ன அணிந்திருக்கிறீர்கள் என்று கேட்பதையும், அதைவிட மோசமாக, பின்னாலிருந்து துணியைத் தூக்கிப் பார்ப்பதையும் வேடிக்கை என்று என்னால் ஏற்க முடியாது. ஒரு பெண்ணின் பாவாடையை அப்படித் தூக்கினால் யாராவது சிரிப்போமா? 1746-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட் ஆண்களுக்குத் தடைசெய்யப்பட்டு, 1782-இல்தான் மீண்டும் உரிமையான உடை இது. ஸ்காட்லாந்திலேயே, இன்வெர்னஸ் நகரத்து மதுவிடுதி ஒன்றின் பணியாளர்கள், வாடிக்கையாளர்களின் இந்தத் தொல்லை தாளாமல் பணிநேரத்தில் கில்ட் அணிவதைக் கைவிட நேர்ந்தது.