லூபஸ் கிட்னியும் இரண்டாவது குழந்தையும்: என் அனுபவம்

மூத்தவள் பால் குடி மறக்கும் முன்பே எனக்குக் கால் வீங்கி, சிறுநீரில் நுரை வர ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தக்கலையில் அக்கம்பக்கம் சொன்னார்கள். நாகர்கோவிலில் கிட்னியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்ததும் லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கிட்னியைத் தாக்கும் நோய், அதிலும் கடுமையான கிளாஸ் 4 வகை என்று தெரிந்தது. எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டும் மைக்கோஃபினோலேட்டும் தொடங்கினார்கள்.

மைக்கோஃபினோலேட் சாப்பிடும்போது கரு உண்டாகவே கூடாது. கரு கலையலாம், குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். அப்போ என்ன கருத்தடை? இந்தப் பேச்சைப் பல இடங்களில் கூச்சத்தோடு தாண்டிவிடுகிறார்கள். மருந்துச் சீட்டு எழுதும் நாளிலேயே இதைப் பேசியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண மாத்திரை போதுமா என்று கிட்னி டாக்டரிடம் கேட்டேன். அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறது, வேண்டாம் என்றார். காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். சொந்த உடம்பையே தாக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிற பி செல்கள் அழியாமல் நிலைக்க ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. அந்த ஆன்டிபாடிகள் கிட்னியின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து புண்ணாக்குகின்றன. லூபஸ் வரும் ஒரு வகை எலியிலும் பெண் எலிக்குத்தான் கிட்னி முதலில் கெடுகிறது. ஆண் ஹார்மோன் கொடுத்தால் தள்ளிப்போகிறது. ஹார்மோன் மட்டுமே காரணம் இல்லை, எக்ஸ் குரோமோசோமுக்கும் பங்கு உண்டு என்றார்.

2005-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் அடங்கியோ நிலையாகவோ இருந்த பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையால் லூபஸ் கூடவில்லை. ஆனால் சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த முடிவு பொருந்தாது. புரதத்தோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்களும் வெளியே போய்விடும். அதற்கு மேல் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தால் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வரலாம். ரத்தம் கட்டுவதைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்ற டெஸ்டும் இதற்காகத்தான் எடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் மூன்று மாத ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் அது எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், ஸ்டீராய்டும் அதையே செய்யும். கடைசியில் ஹார்மோனே இல்லாத காப்பர் டி போட்டுக்கொண்டேன்.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "மக்களே, மூத்தவளுக்கு ஒரு துணை வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஆசைப்பட்டேன். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு ஏறும், நோய் அடங்காமல் அதில் இறங்கினால் கிட்னிக்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று என் கணவர்தான் அவரிடம் எடுத்துச் சொன்னார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருக்க வேண்டும், ஒரு நாள் சிறுநீரில் புரதம் அரை கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி, கர்ப்பத்திலும் சாப்பிடக்கூடிய அசாதயோபிரின் கொடுத்தார்கள். மாற்றிய பிறகும் நோய் கிளம்பவில்லை என்று பார்த்த பின்தான் காப்பர் டி-யை எடுத்தார்கள். கிட்னியைக் காக்கக் கொடுத்த பிரஷர் மாத்திரை கருவுக்கு ஆகாது, அதையும் மாற்றினார்கள். லூபஸை அடக்கி வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள். பயந்துபோய் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது ஏழாம் மாதம். பிரஷர் ஏறாமலிருக்க, பன்னிரண்டாம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரினும் உண்டு. கிட்னி டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒரே நோட்டில் எழுதுகிறார்கள். அப்படித்தான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். பிரசவத்துக்குப் பிறகும் நோய் கிளம்பலாம் என்பதால் அடுத்த யூரின் டெஸ்டுகளுக்கான தேதியும் அதில் இருக்கிறது. அசாதயோபிரின் சாப்பிட்டாலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.