மஞ்சள் தாள்

2009 ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. மணிலாவில் மக்காத்தி பகுதியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி கோரசோன் அகினோ, எல்லோருக்கும் 'கோரி', இறந்து இரண்டு நாள். அவர் உடலைக் கதீட்ரலுக்குக் கொண்டுபோகும் ஊர்வலம் எங்கள் அயாலா அவென்யூ வழியாக வரும் என்றார்கள். பக்கத்து இருக்கை அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், காகிதம் கிழிக்கும் மெஷின் முன் நின்று மஞ்சள் தாள்களைக் கட்டுக்கட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் 'ஆத்தே' என்பார்கள். தகாலோக் மொழியில் அக்கா. என் வாயில் அது ஆத்தா என்றுதான் வரும், அவரும் திருத்தவில்லை.

1983 ஆகஸ்டில் கோரியின் கணவர், எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகினோவை மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்ற பிறகு, மக்காத்தி அலுவலக ஜன்னல்களிலிருந்து இப்படித்தான் மஞ்சள் காகிதம் கொட்டியதாம். டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களைக் கிழித்தே போட்டார்களாம். அப்போதைய ஜனாதிபதி மார்க்கோஸை எதிர்த்துத் தேர்தலில் நிற்கக் கூப்பிட்டபோது, 10 லட்சம் கையெழுத்து கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொன்னவர் கோரி. வெறும் குடும்பப் பெண் என்று மார்க்கோஸ் கேலி செய்தார்.

ஆனால் ஆத்தே அதிகம் பேசியது கோரியைப் பற்றி அல்ல. 1986 பிப்ரவரி 7 தேர்தலின் ஓட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஊழியர்களைப் பற்றித்தான். அவர்கள் ஏற்றிய எண் ஒன்று, மேலே பலகையில் தெரிந்த எண் வேறு. 9ஆம் தேதி இரவு 30க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். பக்லாரான் தேவாலயத்தில் போய் அடைக்கலம் புகுந்தார்கள். அப்போது வங்கி குமாஸ்தாவாக இருந்த ஆத்தே இதை ரேடியோவில் கேட்டாராம். "அவர்களுக்கும் வாடகை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் கணக்குச் சரிபார்ப்பவள்தான், காப்பீட்டு கிளெய்ம்கள். அதற்கு முன் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மாதக் கடைசியில் மேலாளர் வந்து, "தப்பு சதவீதத்தைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பார்த்துத்தான் போட்டேன். யாரும் மிரட்டவில்லை, துப்பாக்கி ஏதும் இல்லை. அந்த வருடம் இன்கிரிமென்ட் நன்றாகவே வந்தது.

பிப்ரவரி 22 முதல் மணிலாவின் எட்சா சாலையில் மார்க்கோஸின் டாங்கிகள் முன் ஜெபமாலையோடு ஜனங்கள் நின்ற கதை உலகத்துக்கே தெரியும். 25ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு பதவியேற்பு: காலையில் கிளப் பிலிப்பினோவில் கோரி, பிறகு ஜனாதிபதி அரண்மனையில் மார்க்கோஸ். இரவுக்குள் மார்க்கோஸ் அரண்மனையைக் காலி செய்துவிட்டார்.

அப்புறம்? ஆத்தேவுக்குப் புகார்களும் உண்டு. 1987 ஜனவரியில் நிலம் கேட்டு அரண்மனை பக்கத்து மெண்டியோலா தெருவுக்கு ஊர்வலம் வந்த விவசாயிகளில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது கோரியின் ஆட்சியில்தான். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தும் அவர் குடும்பத்தின் லூயிசிட்டா கரும்புத் தோட்டத்தில் விவசாயிகள் கைக்கு நிலத்துக்குப் பதில் கம்பெனிப் பங்குதான் வந்தது. ராணுவத்துக்குள் கலகத்துக்கு மேல் கலகம். கடைசியில் மணிக்கணக்கில் மின்வெட்டு; மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன் என்று ஆத்தே முகத்தைச் சுளித்தார். ஆனாலும் 1992இல் நாற்காலியை விட்டு இறங்கிப் போனாரே என்றார். அவர் காலத்தில் வந்த 1987 அரசியல் சட்டத்தில் ஜனாதிபதிக்கு ஆறு ஆண்டு, ஒரே தடவை. இருபது வருடம் ஒரே ஆளைப் பார்த்த ஊருக்கு இறங்கிப் போவது எவ்வளவு பெரிய செய்தி என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை.

ஊர்வலம் வந்தது. ஆத்தே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துத் தூக்கிக் காட்டினார். லாபான், போராடு என்று அர்த்தம். மற்றொரு கையால் என் தலைமேலும் காகிதத்தைக் கொட்டினார்.

மறுநாள் வாரக் கணக்கில் இரண்டு கோப்புகள் இடித்தன. இடிக்கிறது என்றே எழுதி அனுப்பினேன். சாயங்காலம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒன்றரை மணி நேரம் போனில் வறுத்தெடுத்தார்கள். கீபோர்டில் 'ப' எழுத்து அழுந்தவில்லை. தட்டிப் பார்த்தால் அடியில் மஞ்சள் துணுக்கு.