என் அம்மை வந்தாள்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் விடுமுறைக்குத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தேன். நாளை பௌர்ணமி. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு வேறு.

திணை வழுவமைதிக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தேன். அஃறிணையை உயர்திணைபோலச் சொல்வது இலக்கணப்படி தப்பு; காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், அதுதான் வழுவமைதி. முக்கால்வாசிப் பேர் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதியிருக்கிறார்கள்: மாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது. ஒருத்தன் மட்டும் ‘என் அம்மை வந்தது’ என்று எழுதி வைத்திருக்கிறான். வேப்பிலை கட்டச் சொல்ல வேண்டியதுதான்.

13 ஜனவரி, திங்கள்

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்தக் கூட்டத்தில் என் முட்டி ஒத்துக்கொள்ளாது. காலையிலேயே ரமணாசிரமம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

லட்சுமி பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம். நான்குக்கும் அங்கே சமாதி உண்டு. லட்சுமியின் கதைதான் எனக்குப் பிடிக்கும். 1926இல் கன்றுக்குட்டியாக, தாயோடு ஆசிரமத்துக்குக் கொடுக்கப்பட்டவள். பார்த்துக்கொள்ள அப்போது அங்கே ஆளில்லை, அதனால் ஊருக்குள் ஒருவர் வீட்டில் விட்டிருந்தார்கள். கன்று சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் தானாகவே நடந்து ரமணரிடம் வந்துவிடும், சாயங்காலம் திரும்பிப் போகும். பின்னால் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டாள்.

(பாருங்கள், ‘வந்துவிடும்’ என்றும் ‘தங்கிவிட்டாள்’ என்றும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். விடைத்தாளாக இருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.)

ரமணருக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. மாடோ நாயோ குரங்கோ, அவருக்கு அவன், அவள்தான். அது என்று சொல்ல மாட்டார்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். விடுதிக்கார அம்மா ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். முந்திரி தாராளம்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். கோசாலையில் மாலையும் குங்குமமுமாக மாடுகள். அப்புறம் லட்சுமி சமாதிக்குப் போனேன்.

1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை அவள் இறந்தாள். கடைசி நேரத்தில் ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தாங்கியிருக்கிறார். ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் வைத்து ஒரு வெண்பாவும் எழுதினார், பசு விமுத்தி அடைந்தது என்று. ஒப்புக்குச் சொல்லும் வார்த்தையா அது என்று கேட்டவரிடம், விடுதலை என்றே பொருள் என்றாராம்.

லட்சுமி முற்பிறவியில் கீரைப்பாட்டி என்று அடியார்கள் பலர் நம்பினார்கள். ரமணர் மலையில் இருந்த காலத்தில் அவருக்குக் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த கிழவி அவர். நம்பட்டும். எனக்கு மட்டும் அந்தக் கதை தேவைப்படவில்லை. ஒரு பசு பசுவாகவே வீடுபேறு அடையக் கூடாதா? நடுவில் ஒரு மனுஷியைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் நமக்கு மனசு ஆறுமா?

நன்னூல் இலக்கணம், உவப்பினால், அதாவது மகிழ்ச்சியினால், திணை மாறினால் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் தப்பு என்று ஒன்று இருந்தால்தானே பொறுக்க வேண்டும்?

வெளியே டீக்கடையில் கால் மேல் வந்து படுத்த நாயை ‘ச்சீ போ’ என்றேன். சமாதியைத் தொட்டுக் கும்பிட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாய் எழுந்து, இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டது. படுத்துக்கொண்டான். எழுதும்போது வருகிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டுச் செவலைப் பசுவைப் பற்றிப் பேச்சு வந்தது. என் காலேஜ் ஃபீஸுக்காக விற்ற மாடு. “வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டா” என்றார் அம்மா. முப்பது வருஷமாகிவிட்டது.

20 ஜனவரி, திங்கள்

விடைத்தாள் கொடுத்தாயிற்று. புத்தகத்தில் இல்லாத எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றேன். வகுப்பு கப்சிப். கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்தான்.

“எங்க கிடாவை அவன்னுதான் சார் சொல்லுவோம். குட்டியா இருந்தப்ப என்கூடத்தான் படுப்பான்.”

சரி, இது உவப்பு. பெயர் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“மணி, சார். அவனைப் பொங்கலுக்கு வித்துட்டோம்.”

யாரோ சிரித்தார்கள். எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுத சாக்பீஸை எடுத்தேன். மணி என்று எழுதியதும் மணி அடித்துவிட்டது.