அண்ணனுக்குப் பிறகு நானும் ஆஸ்பிரினும்

அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தபோது வயது 44. அப்பாவும் அந்த நோயில்தான் போனார். கட்டியைச் சோதித்தவர்கள், "இது லிஞ்ச் சிண்ட்ரோம், கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். குடல் புற்றுநோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிற பரம்பரை மரபணுப் பிழை அது. பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பிழை இருந்தால் பிள்ளைக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு. நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில். அங்கிருந்து டர்பன் நகருக்குள் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருந்தது.

இந்தப் புற்றுநோயைத் தடுக்க ஆஸ்பிரின் உதவலாம் என்று அண்ணிதான் முதலில் சொன்னார். அம்மா தலைவலிக்குப் போடும் கிராண்ட்பா பொடியிலும் ஆஸ்பிரின்தானே, அதையே தினமும் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். உடனே மறுத்துவிட்டார். அதில் பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்திருக்கின்றன.

அப்புறம் ஒரு தாளில் வரைந்து காட்டினார். காக்ஸ்-2 என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளை உண்டாக்குகிறது. வலியும் வீக்கமும் தருகிற அதே பொருள்தான் குடலில் கெட்டுப்போன செல்களைப் பெருகச் சொல்கிறது, அவற்றுக்குப் புது ரத்தக் குழாய்களை இழுத்துத் தருகிறது, சாகவேண்டியதைச் சாகவிடாமல் வைக்கிறது. ஆஸ்பிரின் அந்த நொதியை அடைக்கிறது. ஆனால் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும் இதே வகைப் பொருள்தான். அதனால் புண், ரத்தக் கசிவு.

ஆகவே முதலில் மூச்சுப் பரிசோதனை. வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி எனக்கு இருந்தது. இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக், வாயெல்லாம் கசப்பு. முழங்கால் வலிக்கு நானாகப் போட்டுவந்த இப்யூபுரூஃபனையும் நிறுத்தச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியும் அபாயம் கூடும்.

குடலுக்குள் காமிரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு முன் சில நாள் பீன்ஸ் கறி கிடையாது. முந்தின இரவு பேதி மருந்து, தூக்கமே இல்லை. ஒரு சின்ன பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் சதை, இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். மாத்திரை போட்டாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

2011-ல் வெளியான காப்2 ஆய்வில் லிஞ்ச் உள்ள 861 பேர் இருந்தார்கள், தென்னாப்பிரிக்கர்களும் உண்டு. தினம் 600 மில்லிகிராம் இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது. பலன் தெரிய ஆண்டுகள் ஆயின. எனக்கான அளவு என் எடையையும் வயிற்றையும் பார்த்துச் சொன்னது, அதனால் அதை இங்கே எழுதவில்லை.

அம்மா தானும் போடுவதாகச் சொன்னார். அவருக்கு 76 வயது, அந்த மரபணுப் பிழையும் இல்லை. 2018-ல் வெளிவந்த ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களில் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் புற்றுநோய் இறப்பு கூடுதலாகவே இருந்தது. வேண்டாம் அம்மா என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

எட்டு மாதமாக இரவு சோற்றுக்குப் பிறகு போடுகிறேன். அடுத்த காமிரா சோதனை மார்ச்சில். மகனுக்கு 18 ஆகிறது. ரத்தம் கொடுக்கும் தேதியை அவனே கேட்டு வாங்கியிருக்கிறான்.